நண்பனிடம் தோற்ற வரலாற்றுப் போர் ஆட்டத்தைத் திரும்பிப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

போன மாதம் என் நண்பனிடம் ஒரு மினியேச்சர் போர் ஆட்டத்தில், அதாவது குட்டிச் சிப்பாய் பொம்மைகளை மேசையில் நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தில், தோற்றேன். 1810 செப்டம்பர் 27 அன்று போர்ச்சுகலில் நடந்த புசாக்கோ போரை மேசையில் வைத்திருந்தோம். எனக்குப் பிரெஞ்சுப் படை, அதாவது மார்ஷல் மஸேனாவின் இடம். அவனுக்கு வெலிங்டனின் பிரிட்டிஷ், போர்ச்சுகீசியக் கூட்டுப்படை. பத்துச் சுற்று ஆடுவதாகப் பேச்சு. ஏழாவது சுற்றிலேயே என்னுடைய இரண்டு பெரிய படைப்பிரிவுகளும் மலைச்சரிவில் சிதறிக் கிடந்தன.

ஏன் தோற்றாய் என்று அன்று இரவு யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன்: ஐந்தாவது சுற்றில் பகடை என்னைக் கைவிட்டது. இரண்டு நாள் கழித்து நண்பனோடு உட்கார்ந்து ஆட்டத்தைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் இரண்டாவது சுற்றிலேயே தோற்றுவிட்டேன். அது எனக்கு உறைத்தது ஐந்தாவது சுற்றில். பத்து வருடங்களுக்கும் மேலாக இந்த ஆட்டங்களை ஆடுகிறேன், தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்திருக்கின்றன. தோல்வி நடந்த சுற்றுக்கும் அது தெரியவந்த சுற்றுக்கும் நடுவே இரண்டு மூன்று சுற்று இடைவெளி இருக்கும். அந்த முதல் சுற்றைத் தேடிப் பிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். இதைத் தனியாக முழுதாகச் செய்ய முடியாது, ஏனென்றால் ஆட்டத்தின் பாதிக் கதை எதிரே உட்கார்ந்திருந்தவரின் தலைக்குள் இருக்கிறது.

படி 1: மேசையைக் கலைக்காதீர்கள்

தோற்றதும் கை தானாகவே பெட்டியைத் தேடும். பொறுங்கள். முதலில், ஆட்டம் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மீதமுள்ள சுற்றுகளில் வெற்றி நிபந்தனையைத் தொட ஏதாவது ஒரு வழி, அது எவ்வளவு கடினமானதாக இருந்தாலும், இருக்கிறது என்றால் தொடர்ந்து ஆடுங்கள். துளியும் இல்லை என்றால் அந்தச் சுற்று முடியும்வரை ஆடிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். எதிராளி பகடையைக் கையில் எடுத்து வைத்திருக்கும் நேரத்தில் "போதும், விட்டுவிடலாம்" என்று சொல்வது அவருடைய வெற்றியை உப்புச்சப்பில்லாமல் ஆக்கிவிடும். அவரும் வாரக்கணக்கில் உட்கார்ந்து அந்தப் படையை வண்ணம் தீட்டியவர்தான்.

அப்புறம் நான்கு படங்கள் எடுங்கள். மேலிருந்து முழு மேசையும் ஒன்று, உங்கள் பக்கத்திலிருந்து ஒன்று, எதிராளியின் நாற்காலி இருக்கும் இடத்திலிருந்து ஒன்று. நான்காவதுதான் முக்கியம். உங்கள் அணி எங்கே உடைந்ததோ, அங்கே கைபேசியை மேசையோடு ஒட்டி, மினியேச்சர் சிப்பாயின் கண் உயரத்தில் வைத்து எடுங்கள். மேலிருந்து பார்க்கும் நமக்கு எல்லாம் தெரிகிறது. அந்த உயரத்தில் பார்த்தால் முகட்டுக்குப் பின்னால் என்ன மறைந்திருந்தது என்பது நெஞ்சில் அறைந்த மாதிரி தெரியும்.

அடுத்த ஆட்டத்திலிருந்து ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பட்டாலியன் (சில நூறு பேர் கொண்ட காலாட்படை அணி) மேசையிலிருந்து நீங்கும்போது, அது நின்ற இடத்தில் சுற்று எண் எழுதிய சிறிய அட்டைத் துண்டு ஒன்றை வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தத் துண்டுகளே போரின் வரைபடமாக இருக்கும். எங்கள் புசாக்கோ மேசையில் 4, 5 என்று எழுதிய துண்டுகள் தெற்கே ஒரு குவியலாகவும், 7 என்று எழுதியவை வடக்கே ஒரு குவியலாகவும் கிடந்தன. இந்த இரண்டு குவியலைத்தான் பிறகு நெடுநேரம் உற்றுப் பார்த்தேன்.

எடுத்து அடுக்கும்போது பேஸை, அதாவது பொம்மைகள் ஒட்டியிருக்கும் அடித்தட்டைப் பிடித்து எடுங்கள், துப்பாக்கி முனையையோ கொடியையோ பிடிக்காதீர்கள். மனம் சரியில்லாத நேரத்தில்தான் குத்தீட்டிகள் ஒடிகின்றன.

படி 2: அன்றைக்கே எழுதுங்கள், நண்பனிடம் பேசுவதற்கு முன்

தூங்கி எழுந்தால் நினைவு தனக்கு வசதியான கதையைக் கட்டிவிடும். அதனால் அன்று இரவே ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். நீளம் வேண்டாம். சுற்றுக்கு ஒரு வரி போதும்: அந்தச் சுற்றில் நான் என்ன செய்ய நினைத்தேன், என்ன நடந்தது. "நினைத்தேன்" என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். நடந்ததைப் படங்களிலிருந்து மீட்டுவிடலாம். நினைத்ததை மீட்க வேறு வழியே கிடையாது.

என் குறிப்பில் இரண்டாவது சுற்றுக்கு எதிரே இப்படி எழுதியிருந்தேன்: "நேய் காத்திருக்கட்டும். ரெய்னியே மேலே ஏறியதும் நேய் கிளம்புவார்." என் இரண்டு பெரிய படைப்பிரிவுகளின் தளபதிகள்தான் இவர்கள், தெற்கே ரெய்னியே, வடக்கே நேய். அப்போது அது எனக்கு மிகச் சாதாரணமான, கவனமான ஓர் உத்தரவாகத்தான் பட்டது.

படி 3: நண்பனிடம் மூன்று கேள்விகள்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். ஆட்டம் முடிந்த சூட்டில் கேட்டால் வென்றவர் அடக்கமாகப் பேசுவார், தோற்றவர் காரணம் சொல்வார். ஒருநாள் இரண்டுநாள் போகட்டும். படங்களை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதல் கேள்வி: எந்தச் சுற்றில் ஜெயிச்சுட்டோம்னு உனக்குத் தோணுச்சு? என் நண்பன் "மூணாவது" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது சுற்றில் என் ஆட்கள் ஒருவர்கூட விழுந்திருக்கவில்லை. மூடுபனி விதிப்படி அப்போது இரு தரப்புக்கும் ஆறு அங்குலத்துக்கு மேல் பார்வையே கிடையாது.

இரண்டாவது கேள்வி: எதை நினைச்சு பயந்துக்கிட்டு இருந்த? இந்தக் கேள்விக்கு ஈடு வேறு எதுவுமில்லை. நீங்கள் தொடாமல் விட்ட கதவு எது என்பது இதில்தான் வெளிவரும். அவன் மேசையின் வடக்கு ஓரத்தைக் காட்டினான். "இங்க ஒரு பாதை இருந்துச்சுல்ல, முகட்டைச் சுத்திப் போறது. அங்க எங்கிட்ட ஒரு குதிரைப்படை பேஸ்தான் இருந்துச்சு. நீ ஒரு டிவிஷனை அந்தப் பக்கம் அனுப்பியிருந்தா நான் முகட்டையே விட்டுட்டு இறங்கியிருக்கணும்." அந்தப் பாதையை நான் மேசை அமைக்கும்போது என் கையாலேயே வைத்தேன். ஆட்டம் தொடங்கிய பிறகு ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை.

மூன்றாவது கேள்வி: என் இடத்துல நீ இருந்தா என்ன பண்ணியிருப்ப? இதற்கு வரும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் எல்லாம் தெரிந்த பிறகு பேசுகிறார். ஆனாலும் அவர் உங்கள் படையை எப்படிப் பார்த்தார் என்பது அதில் தெரியும். எதிராளியின் கண்ணில் நம்முடைய பலம் நாம் நினைத்த இடத்தில் இருப்பதில்லை. நான் என் கிரெனடியர்களை, அதாவது தேர்ந்தெடுத்த காலாட்படை வீரர்களை, நம்பினேன். அவனோ நான் கடைசிவரை அசைக்காமல் வைத்திருந்த மூன்றாவது படைப்பிரிவைப் பார்த்து ஒவ்வொரு சுற்றும் கவலைப்பட்டிருக்கிறான்.

கேட்கும்போது மறுத்துப் பேசாதீர்கள். "ஆனா நான் அப்ப என்ன நெனச்சேன்னா" என்று தொடங்கினால் அவர் வாயை மூடிக்கொள்வார். எழுதிக்கொள்ளுங்கள், பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

படி 4: பகடையை எண்ணிப் பாருங்கள்

அதிர்ஷ்டத்தை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. பகடை சில ஆட்டங்களைக் கெடுக்கத்தான் செய்கிறது. ஆனால் கெடுத்ததா இல்லையா என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும், உணர்ச்சியை நம்ப வேண்டியதில்லை.

ஆறுமுகப் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு பாதி. 5 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றில் ஒன்று. 6 மட்டும் என்றால் ஆறில் ஒன்று. எத்தனை பகடை உருட்டினீர்களோ அதை இந்தப் பின்னத்தால் பெருக்கினால் சராசரியாக எத்தனை வெற்றி (தேவையான எண் விழுந்த பகடை) வந்திருக்க வேண்டும் என்று தெரியும். ஆட்டத்தின்போதே ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு வந்தால் முடிவில் இரண்டு நிமிட வேலை. 4+ தேவைப்பட்ட பகடைகள் 100 என்றால், 40க்கும் 60க்கும் நடுவே வெற்றி வருவதெல்லாம் இயல்பு. 40க்கும் கீழே போவது நூறு ஆட்டத்துக்கு இரண்டு முறைகூட நடக்காது. அப்படி நடந்திருந்தால் பகடையைக் குறை சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. எனக்கு 100க்கு 47. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, அந்த ஐந்தாவது சுற்று? கிரெனடியர்கள் பாய்ந்தபோது 12 பகடை உருட்டினேன். 4+ தேவை. விழுந்தது மூன்று வெற்றிதான். 12 பகடையில் மூன்றோ அதற்குக் குறைவோ வர வாய்ப்பு சுமார் 7 சதவீதம். ஆக, அது உண்மையிலேயே மோசமான உருட்டல். என் மனக்குறையில் அவ்வளவுக்கு நியாயம் இருந்தது.

ஆனால் கணக்கு அங்கே நிற்கவில்லை. எதிரே நின்ற அவனுடைய பட்டாலியனை உடைக்க எனக்கு எட்டு வெற்றி வேண்டும். சராசரியாக ஆறு விழுந்திருந்தாலும் அது நின்றிருக்கும். 12 பகடையில் எட்டோ அதற்கு மேலோ விழ வாய்ப்பு சுமார் 19 சதவீதம். என் மொத்தத் திட்டமும் ஐந்துக்கு ஒருமுறை நடக்கக்கூடிய ஒன்றின் மேல் நின்றிருக்கிறது, உருட்டும்வரை அது எனக்குத் தெரியவே இல்லை. எனவே கெட்ட உருட்டலை நினைத்துக் குமையும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: சராசரி விழுந்திருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்குமா?

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு கிளம்ப 3+, ஆற்றைக் கடக்க 3+, பாய 3+ என்று ஒரு திட்டம் அடுத்தடுத்து மூன்று உருட்டல்களைக் கேட்டால், ஒவ்வொன்றும் எளிதாகத்தான் தெரியும். மூன்றும் சேர்ந்து நடக்க வாய்ப்பு 27க்கு 8, கிட்டத்தட்ட 30 சதவீதம். மேசையில் நான் பார்க்கும் துணிச்சலான திட்டங்களில் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன.

படி 5: தோல்வி தொடங்கிய சுற்றைக் கண்டுபிடியுங்கள்

இப்போது கையில் மூன்று பொருள்கள் இருக்கும்: படங்கள், உங்கள் குறிப்பு, நண்பனின் பதில்கள். கடைசிச் சுற்றிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் நின்று, "இந்த இடத்தில் நான் வேறு எதைச் செய்திருந்தாலும் முடிவு மாறியிருக்குமா?" என்று கேளுங்கள். இல்லை என்று தோன்றினால் இன்னும் ஒரு சுற்று பின்னால் போங்கள். ஆம் என்று வரும் இடத்தில் நில்லுங்கள்.

எங்கள் ஆட்டத்தில் ஏழாவது சுற்றில் நேயின் படைப்பிரிவு உடைந்தது. முகட்டின் மேல் அவரை எதிர்த்தது அவனுடைய ரிசர்வ் படை, அதாவது தேவைப்படும் இடத்துக்கு அனுப்பப் பின்னால் நிறுத்தி வைத்த படை. ஐந்தாவது சுற்றில் ரெய்னியேயின் ஆட்களைக் கீழே தள்ளியதும் ரிசர்வ் படைதான். இரண்டு இடத்துக்கும் தனித்தனி ரிசர்வ் வைத்திருக்கிறான் என்றே ஆட்டம் முழுக்க நம்பினேன். அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

முகட்டின் பின்பக்கம் ஒரு பாதை நீளவாக்கில் ஓடியது. எங்கள் விதிப்படி காலாட்படை திறந்த வெளியில் சுற்றுக்கு 6 அங்குலம் நகரும், பாதையில் 12. என் இரண்டு படைப்பிரிவுகளுக்கும் நடுவே 30 அங்குலம். ஐந்தாவது சுற்றில் தெற்கே வேலையை முடித்துவிட்டு அவனுடைய ரிசர்வ் பாதையில் ஏறியது. ஐந்து, ஆறு, ஏழு, மூன்றே நகர்வு. சரியாக நேய் மேலே வந்து சேரும்போது அதுவும் அங்கே நின்றது. எனக்கோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஐந்து சுற்று ஆகும்.

நான் இரண்டு படைப்பிரிவுகளையும் ஒரே நேரத்தில் அனுப்பியிருந்தால் அந்த ஒற்றை ரிசர்வ் எங்காவது ஓர் இடத்தில்தான் இருந்திருக்க முடியும். "நேய் காத்திருக்கட்டும்" என்று நான் எழுதிய வரி அவனுடைய ஒரு படையை இரண்டாக்கிக் கொடுத்தது. மூன்றாவது சுற்றில் நேய் அசையவில்லை என்று பார்த்ததும் அவனுக்கு இது புரிந்துவிட்டது. அதனால்தான் "மூணாவது" என்று சொன்னான்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு இருந்த மகிழ்ச்சி ஆட்டத்தில்கூட இல்லை.

படி 6: வரலாற்றிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

தோற்ற பிறகு அந்தப் போரைப் பற்றி எல்லாவற்றையும் படிக்கத் தோன்றும். படியுங்கள், ஆனால் கையில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படியுங்கள். படி 5இல் கண்டுபிடித்த அந்த முடிவை, உண்மையான தளபதி எப்படி எடுத்தார்?

புசாக்கோவில் மஸேனாவிடம் சுமார் 65,000 பேர், வெலிங்டனிடம் சுமார் 50,000 பேர், அதில் பாதி போர்ச்சுகீசியர்கள். ரெய்னியேயின் படைப்பிரிவு அதிகாலை மூடுபனியில் முதலில் ஏறியது. அவருடைய ஆட்கள் உச்சியைத் தொட்டுவிட்டார்கள் என்று கண்டபின் நேய் கிளம்பினார். வெலிங்டன் முகட்டின் பின்பக்கமாக ஒரு பாதையை முன்கூட்டியே சீர்செய்து வைத்திருந்தார். அதன் வழியே அவருடைய தளபதி லீத்தின் டிவிஷன் வந்து ரெய்னியேயின் தாக்குதலை முறித்தது. நேய் மேலே ஏறியபோது, வெலிங்டனின் இன்னொரு தளபதி கிராஃபர்டின் இலகு டிவிஷன் பள்ளமான ஒரு பாதையில் மறைந்து நின்று, கிட்டத்தில் வந்ததும் எழுந்து பாய்ந்தது. மஸேனாவின் மூன்றாவது படைப்பிரிவான ழூனோவின் படைப்பிரிவு அன்று களமிறங்கவே இல்லை. பிரெஞ்சு இழப்பு சுமார் 4,500, கூட்டுப்படையின் இழப்பு சுமார் 1,250.

நான் ஆடியது அப்படியே மஸேனாவின் ஆட்டம். இருநூறு வருடம் கழித்து, அவர் கையில் இல்லாத முழு வரைபடத்தையும் பார்த்துக்கொண்டே, அதே வரிசையில் அதே தவறு. மேலே இருப்பவன் பின்சரிவில் மறைந்து நிற்கும்போது கீழே இருப்பவனுக்கு முகடு காலியாகத் தெரிகிறது. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று சொல்வோமே, அதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் நிலப்பரப்பு வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

அதைவிட முக்கியமானது மறுநாள் நடந்தது. செப்டம்பர் 28 அன்று பிரெஞ்சுக் குதிரைப்படை வடக்கே முகட்டைச் சுற்றிப் போகும் பாதையைக் கண்டுபிடித்தது. அங்கே நின்று தடுக்க வேண்டிய போர்ச்சுகீசிய மிலிஷியா (ஊர்க்காவல் படை) நேரத்துக்கு வந்து சேரவில்லை. வென்ற வெலிங்டன் முகட்டை விட்டு இறங்கி, லிஸ்பனுக்கு வடக்கே முன்பே கட்டி வைத்திருந்த டோரஸ் வெத்ராஸ் அரண் வரிசைக்குப் பின்வாங்கினார். என் நண்பன் பயந்த அதே வடக்கு ஓரம்தான். தோற்ற மறுநாள் மஸேனா வேறு வழி தேடினார், அது ஒருநாள் முன்பே கிடைத்திருக்கலாம்.

படி 7: வழக்கமான ஓட்டைகளையும் சோதியுங்கள்

உங்கள் ஆட்டத்தில் தவறு வேறு இடத்தில் இருக்கலாம். நெப்போலியன் காலத்து ஆட்டங்களில் நான் அடிக்கடி காணும் சிலவற்றைச் சொல்கிறேன், மற்ற காலங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஆயுதப்பிரிவுகள் தனித்தனியாகப் போய்ச் சாவது முதலாவது. குதிரைப்படை மிரட்டினால் காலாட்படை சதுர அணிக்கு மாறும், நான்கு பக்கமும் குத்தீட்டிகள் வெளிநோக்கி நிற்கும். சதுரத்தைக் குதிரை உடைப்பது அரிது. ஆனால் நெருக்கமாக நிற்கும் அந்தச் சதுரம் பீரங்கிக்கு அருமையான இலக்கு. பீரங்கிக்குப் பயந்து விரிந்தால் குதிரை வந்துவிடும். மூன்றும் ஒரே இடத்தில் ஒரே சுற்றில் இருந்தால்தான் இந்தப் பிடி இறுகும். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் மார்ஷல் நேய் ஆயிரக்கணக்கான குதிரைவீரர்களை, போதிய காலாட்படையும் பீரங்கியும் கூட வராமல், மறுபடி மறுபடி அனுப்பினார். பிரிட்டிஷ் சதுரங்கள் உடையவில்லை. உங்கள் படங்களைப் பாருங்கள். குதிரைப்படை பாய்ந்த சுற்றில் உங்கள் பீரங்கி எங்கே இருந்தது?

ரிசர்வ் படையில் இரண்டு விதமான தவறு உண்டு. சிலர் இரண்டாவது சுற்றிலேயே அதையும் முன்னால் தள்ளிவிடுவார்கள். நான் எதிர்ரகம், கடைசிவரை பத்திரமாக வைத்திருந்து அப்படியே பெட்டிக்குள் போட்டுவிடுவேன். 1812 செப்டம்பர் 7 அன்று போரோதினோவில் நெப்போலியன் தன் ரிசர்வாக இருந்த மிகச் சிறந்த படையான காவல்படையைக் கடைசித் தாக்குதலுக்கு இறக்கவில்லை. அது சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறார்கள். மாஸ்கோ வரை போக வேண்டிய அவருக்கு அதற்குக் காரணம் இருந்தது. மேசையில் பத்தாவது சுற்றுக்குப் பிறகு நமக்கு நாளை என்று ஒன்று கிடையாது. எட்டாவது சுற்றிலும் ரிசர்வ் அசையவில்லை என்றால் அது தவறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேசை விளிம்பு இன்னொன்று. அது ஒரு மதில் போல உங்கள் பக்கவாட்டைக் காப்பாற்றுவதாகத் தோன்றும், அதனால் அந்தப் பக்கம் கண்ணே போகாது. வரலாற்று ஆட்டத்தில் விளிம்புக்கு அப்பாலும் நிலம் உண்டு என்று நினைத்து ஆடுவது நல்லது.

விதிகளைத் தவறாக நினைவில் வைத்திருந்ததும் உண்டா என்று பாருங்கள். இருந்தால் இருவரும் சேர்ந்து புத்தகத்தைத் திறந்து சரியான பக்கத்தில் குறி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன ஆட்டத்தின் முடிவை அதற்காகத் திருத்தக் கேட்காதீர்கள்.

படி 8: ஆட்டத்தின் அமைப்பும் வெற்றி நிபந்தனையும் நியாயமானவையா?

வரலாற்றுப் போர்கள் சரிசமமாக நடந்தவை இல்லை. புள்ளிக்கணக்கில் சமமான இரு படைகளை வைத்து ஆடும் ஆட்டத்தில் தோற்பதும், புசாக்கோவில் பிரெஞ்சுப் பக்கம் தோற்பதும் வேறு வேறு. மேசையில் முகட்டைப் பிடித்தால்தான் வெற்றி என்று நிபந்தனை வைத்தால் மஸேனாவாக ஆடுபவர் பெரும்பாலும் தோற்பார்.

இதற்கு எங்களுக்குப் பிடித்த தீர்வு, வரலாற்றையே அளவுகோலாக வைப்பது. உண்மையான தளபதியைவிடக் குறைந்த இழப்போடு அதே இடம்வரை போனால் சிறு வெற்றி, அவர் பிடிக்காததைப் பிடித்தால் பெரு வெற்றி. வடக்குப் பாதையில் ஒரு டிவிஷனை மேசைக்கு வெளியே கொண்டுபோனாலும் வெற்றி என்று சேர்த்துக்கொண்டோம். அதைச் சேர்த்ததுமே ஆட்டம் வேறு ஆட்டமாகிவிட்டது, ஏனென்றால் இப்போது முகட்டில் நிற்பவருக்கும் முடிவெடுக்க வேண்டிய கவலை வருகிறது.

இந்தப் பேச்சைத் தோற்றவர் தொடங்கினால் சாக்குச் சொல்வது போல இருக்கும். வென்றவரிடமிருந்து வரட்டும். வரவில்லை என்றால் அடுத்த ஆட்டத்தைத் திட்டமிடும்போது பேசிக்கொள்ளுங்கள்.

படி 9: அந்தச் சுற்றிலிருந்து மறுபடி ஆடுங்கள்

முழு ஆட்டத்தையும் முதலிலிருந்து ஆடத் தேவையில்லை. படங்களைப் பார்த்துத் தோல்வி தொடங்கிய சுற்றின் நிலையை மேசையில் வையுங்கள். ஒரே ஒரு முடிவை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். எதிராளி தான் அன்று செய்ததை அப்படியே செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். நீங்கள் மாறும்போது அவரும் மாறுவார்.

ஒரு சிக்கல் உண்டு, இப்போது மறைந்திருப்பவை எல்லாம் இருவருக்கும் தெரியும். மூன்றாவது நண்பர் ஒருவர் கிடைத்தால் அவரை நடுவராக உட்கார வையுங்கள். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி அமைத்த போர் ஆட்டத்தில் இதுதான் முறை. இரு தரப்பும் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள், எதிரியின் கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டும் அவர் வரைபடத்தில் வைப்பார். நடுவர் கிடைக்காவிட்டால் முகட்டுக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு வெற்று அட்டைகளையும் சேர்த்து வையுங்கள். எந்த அட்டைக்குக் கீழே படை இருக்கிறது என்பதை எதிராளி மாற்றிக்கொள்ளலாம்.

நாங்கள் இரண்டாவது சுற்றிலிருந்து ஆடினோம். ரெய்னியேயும் நேயும் சேர்ந்து கிளம்பினார்கள். நண்பனின் ரிசர்வ் தெற்கே போனது, நேயின் முன்னணி பட்டாலியன்கள் ஐந்தாவது சுற்றில் உச்சியைத் தொட்டன. அங்கே அட்டைக்குக் கீழிருந்து இலகு டிவிஷன் எழுந்தது. நேயின் ஆட்கள் ஒரு சுற்று தாக்குப்பிடித்தார்கள், பிறகு சரிவில் பாதிதூரம் இறங்கிவிட்டார்கள். முகடு அவனிடமேதான் இருந்தது. ஆனால் அவனுடைய ரிசர்வ் ஏழாவது சுற்றுவரை தெற்கை விட்டு நகர முடியவில்லை, என் மூன்றாவது படைப்பிரிவு முழுசாக இருந்தது, ஆட்டம் பத்தாவது சுற்றுவரை போனது. முடிவில் இருவரும் இழப்புகளை எண்ணி முடிக்க இரவு பதினொன்று ஆகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பக்கம் மாறி ஆடுகிறோம். நான் வெலிங்டன். மூடுபனி விதி அப்படியே இருக்கும். வடக்குப் பாதைக்கு இரண்டு குதிரைப்படை பேஸ்களை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன், அதில் ஒன்றில் மட்டும் இன்னும் சேணத்துக்கு வண்ணம் பூச வேண்டியிருக்கிறது.